ஆறு அங்குலக் குழாய்க்கு ஒரு கடிதம்

குழாயின் அளவைத் தீர்மானிப்பது தண்ணீர் என்றுதான் எல்லாப் புத்தகங்களிலும் எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் யாரும் யுத்த காலத்துக் கொழும்பில் லொறியொன்றில் ஆறு அங்குலக் குழாய் ஏற்றிக்கொண்டு போனவர்கள் அல்லர். நான் போயிருக்கிறேன். ஒருமுறை போய், நான்கு மணித்தியாலம் தெருவோரத்தில் குந்தியிருந்து, பிறகு அந்த நினைப்பிலேயே ஒரு பிழை விட்டு, அந்தப் பிழையைத் திருத்துவதற்காக இன்னொரு முறையும் போயிருக்கிறேன்.

இந்தத் தொழிலை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. பெட்டிகளோடு வரும் கையேடுகளும், கூட வேலை செய்தவர்களின் வாயும்தான் சொல்லித் தந்தன. கையேடு மறந்துபோகும், வாய் மறக்காது. மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகளைச் சிலர் முத்திரை சேர்ப்பதுபோல நான் சேர்த்து வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் குடியிருந்த காலத்தில், பைப்புக்கு மரை வெட்டுகிறவனாகத் தொடங்கி, ஒரு தீயணைப்புக் குழாய் ஒப்பந்தக் கம்பனியில் போர்மனாக வந்திருந்தேன். என் கையில் வேலை நன்றாக வரும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல நான் வெட்கப்பட்டதும் இல்லை.

அந்த வருடம் எங்களுக்கு ஒருகொடவத்தையில் வேலை. கொள்கலன்களில் வரும் ஆடைத் துணிகளை வைத்திருப்பதற்கான பெரிய களஞ்சியம். துணி என்றால் தீக்குப் பிரியம். ஆகவே காப்புறுதிக்காரர்கள், தீயணைப்புப் பம்ப் சோதனையில் தேறினால்தான் ஒரு முழத் துணியாவது உள்ளே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தீயணைப்புப் பம்ப் வருடம் முழுவதும் சும்மா நிற்கும். தீப்பிடிக்கிற அன்றைக்கு மட்டும் வேலை செய்ய வேண்டும். அன்றைக்கு அது வேலை செய்யுமா என்று முன்கூட்டியே பார்ப்பதற்காக, பம்பிலிருந்து தனியாக ஒரு குழாய் வெளிச்சுவருக்குப் போகும். சுவருக்கு வெளியே அதற்கு இரண்டு மூன்று வாய்கள் இருக்கும். அதை நாங்கள் சோதனை வாய் என்போம். வாய்களில் ஹோஸைப் பூட்டி, பம்பை முழு மூச்சில் ஓடவிட்டு, வருகிற தண்ணீரை அளப்பார்கள். எங்கள் பம்ப் நிமிடத்துக்கு ஐந்நூறு கலன், நூறு இறாத்தல் அழுத்தத்தில். சோதனையன்று அது எழுநூற்றைம்பது கலன் வரை தள்ளிக் காட்ட வேண்டும். அப்போதும் அழுத்தம் அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

பரீட்சை எழுத வந்தவனுக்கு ஒடிந்த பேனையைக் கொடுத்துவிட்டு எழுத்துச் சரியில்லை என்று சொல்ல முடியாது. பம்புக்கும் வாய்க்கும் இடையில் போகிற குழாய் போதுமான அகலமாக இருந்தால்தான் பம்பின் பலம் வெளியே தெரியும். ஐந்நூறு கலன் பம்புக்கு நான்கு அங்குலம் என்று அட்டவணை சொல்லும். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கும்: குழாய் பதினைந்து அடிக்கு மேல் நீண்டால் அடுத்த பெரிய அளவுக்குப் போ. நீளமும் முழங்கை வளைவுகளும் அழுத்தத்தைத் தின்றுவிடும். அந்தப் பக்கத்தின் போட்டோக் கொப்பியை நான் சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்தேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பம்பையும் அதை ஓட்டுகிற டீசல் எஞ்சினையும் பூட்டியவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். என்னைவிட ஐந்து வயது இளையவர். எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்தே எந்த இடத்தில் சுகமில்லை என்று சொல்லிவிடுவார். கொட்டாஞ்சேனையில் மனைவியோடும் மகளோடும் ஓர் அறை எடுத்திருந்தார். மகளுக்கு அப்போதுதான் அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது.

அந்த நாட்களில் கொழும்பில் இருக்கும் தமிழனுக்குக் கொழும்பில் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் தாளில் இருக்க வேண்டும். பொலிஸ் பதிவு, அதற்குத் துணையாக வேலை கொடுக்கிறவரின் கடிதம். எங்கள் கம்பனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடிதத்தைப் புதிதாக அடித்துக் கொடுக்கும். பம்ப்காரர் வீட்டில் அந்த ஒரு கடிதத்தில் மூன்று பேர் நின்றார்கள். அவர் அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார்.

"நான்தான் நான்ங்கிறதுக்கு இந்தக் கடுதாசிதாண்ணே சாட்சி" என்பார். "மொகத்தைப் பாத்து யாரு நம்புறா."

சோதனை வாய் முதலில் வரைபடத்தில் தெருப்பக்கச் சுவரில்தான் இருந்தது. பம்ப் அறையிலிருந்து பன்னிரண்டு அடி. நான்கு அங்குலம் தாராளமாகப் போதும். குழாய்களும் வந்து முற்றத்தில் கிடந்தன. நாங்கள் சுவரில் துளை போடுவதற்கு முன்பே ஆமிக்காரர் வந்து அந்தச் சுவரோடு ஒட்டி மண்மூட்டை அடுக்கி ஒரு சென்றிப் பொயின்ற் போட்டுவிட்டார்கள். அவர்களுடைய அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இந்தச் சுவரில் துளையும் கிடையாது, தண்ணீர் எறிகிற வேலையும் கிடையாது என்று மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்னாலும் அது முடிந்த முடிவுதான்.

வாய் பின்சுவருக்குப் போனது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, லொறி ஏறுகிற சரிவுக்குக் கீழே புகுந்து, கழிவுநீர்க் கானைக் கடந்து, நூற்றெண்பது அடி. பத்து முழங்கை.

புத்தகம் அடுத்த அளவுக்குப் போகச் சொல்கிறது. அடுத்த அளவு ஐந்து. ஐந்து அங்குலம் கொழும்பில் எந்தக் கடையிலும் கிடையாது. ஆகவே ஆறு. ஆறு அங்குலத்தைப் பழைய சோனகத் தெருவில் வாங்கி, கிராண்ட்பாஸ் வழியாக இரண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். அதற்கு முந்தைய வருடம் வேறொரு வேலைக்காக அப்படிக் கொண்டுவந்தபோதுதான், தடித்த இரும்புக் குழாயைப் பார்க்கும் ஆமிக்காரருக்குத் தண்ணீர் நினைவுக்கு வராது என்று தெரிந்துகொண்டேன். குழாய்களை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார்கள். எங்கே குண்டு எறிவதற்கு என்று கேட்டார்கள். நானும் சாரதியும் நான்கு மணித்தியாலம் வெயிலில் இருந்தோம். நான்கு அங்குலமோ, முற்றத்தில், கேற்றுக்கு உள்ளே, ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லாமல் கிடந்தது.

வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் புதிய பாதையைக் கீறினேன். பக்கத்தில் நான்கு அங்குலம் என்று எழுதினேன். மற்றத் தாள்களோடு சேர்த்து எங்கள் கம்பனி எஞ்சினியரிடம் நீட்டினேன். அவர் தொலைபேசியில் கதைத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

பம்ப்காரர் மட்டும் முற்றத்தில் கிடந்த குழாயைக் காலால் தட்டிப் பார்த்தார். உப்புக் காற்றில் கிடந்து உள்ளே கறள் பிடித்திருந்தது.

"அண்ணே, நூத்தி எம்பது அடிக்கு இதா? தண்ணிக்கு மூச்சு முட்டுங்க."

"தண்ணிக்கு முட்டினாப் பரவாயில்லை காணும். எங்களுக்கு முட்டக் கூடாது. ஆறிஞ்சி வேணுமெண்டால் நீர் போய் லொறியில ஏறும்."

"ஐயோ, நான் ஏற மாட்டேன். எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு."

இருவரும் சிரித்தோம். குழாய் மண்ணுக்குள் போனது.

சோதனைக்குக் காப்புறுதிப் பரிசோதகர் வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் சப்பாத்து, கையில் தண்ணீரின் வேகத்தை அளக்கிற ஒரு சிறிய கருவி. டீசல் எஞ்சின் முதல் முறை ஸ்டார்ட் ஆகும்போது வெடி போட்டதுபோலச் சத்தம் வரும் என்பதால், நான் முன்கூட்டியே சென்றிக்குப் போய்ச் சிங்களத்தில் சொல்லி, மீன் வைத்த மாலு பணிஸும் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அப்படிச் சொல்லியும் சத்தம் வந்தபோது இரண்டு தலைகள் மண்மூட்டைக்குக் கீழே போய்த்தான் வந்தன.

எஞ்சினியரும் பரிசோதகரும் நானும் பின்சுவரில் வாய்ப்பக்கம் நின்றோம். பம்ப்காரர் நூற்றெண்பது அடிக்கு அப்பால் பம்ப் அறையில், அழுத்தம் காட்டும் கேஜுக்கு முன்னால். வாய்களைத் திறந்தோம். தண்ணீர் வந்தது. ஆனால் பாயவில்லை. பரிசோதகர் கருவியைப் பிடித்து, கணக்குப் பார்த்து, தலையை ஆட்டினார். அறுநூற்று அறுபது கலன். எல்லாவற்றையும் முழுதாகத் திறந்தும் அதற்கு மேல் ஒரு கலன்கூட ஏறவில்லை.

"என்ன ஐசே இது" என்றார் எஞ்சினியர். அவர் பம்பலப்பிட்டிக்காரர், எல்லோரையும் ஐசே என்றுதான் அழைப்பார், கோபம் வந்தால் இரண்டு தரம். "பூமரத்துக்குத் தண்ணி விடுறமா நாங்கள்? அங்கை எவ்வளவு காட்டுதெண்டு கேளும்."

நான் கத்திக் கேட்டேன்.

"எழுவத்தெட்டு" என்று பம்ப் அறையிலிருந்து குரல் வந்தது.

"தண்ணி இந்த லட்சணத்தில வருகுது, அங்கை எழுபத்தெட்டாம். ஒண்டில் கேஜ் பொய், இல்லாட்டி மனுசன் பொய், ஐசே."

எஞ்சினை நிறுத்தினோம். பரிசோதகர் அடுத்த வியாழக்கிழமை திரும்ப வருவதாகவும், அன்றைக்கும் இப்படியென்றால் தான் எழுத வேண்டியதை எழுதப் போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். பம்ப்காரர் கைகளைத் துணியில் துடைத்தபடி எங்களிடம் வந்தார்.

"பம்புல குத்தம் இல்லைங்க சார். சத்தத்தைக் கேட்டாலே தெரியும்."

"எனக்குச் சத்தம் வேண்டாம், தண்ணி வேணும்" என்றார் எஞ்சினியர். பிறகு என் பக்கம் திரும்பி, பம்ப்காரர் கேட்கும்படியாகவே சொன்னார்: "பம்ப் வித்த கொம்பனி ஆக்களைக் கூப்பிட்டுக் கழட்டிப் பாப்பம். இவருக்கு இந்த முறை கடிதம் அடிக்க வேண்டாம்."

அவருடைய கடிதம் அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

நான் "ஓம் சேர்" என்றேன்.

இவ்வளவு கதைக்கிற எனக்கு அந்த நேரத்தில் அந்த இரண்டு சொற்கள்தான் வாயில் வந்தன. பம்ப்காரர் என்னைப் பார்க்கவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அன்று மாலை வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் போகும்போது, வழக்கம்போலக் காலி வீதியில் சோதனைச் சாவடிக்கு முன்னால் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். தார்ப் பீப்பாய்களை வளைத்து வளைத்து அடுக்கியிருந்தார்கள். ஆட்கள் ஒற்றை வரிசையாக அதற்குள் நுழைந்து, இடதுபக்கம் திரும்பி, வலதுபக்கம் திரும்பி, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் ஏறவேண்டும். பின்னால் தள்ளுமுள்ளு. முன்னால் ஒவ்வொருவராகச் சொட்டுச் சொட்டாக வெளியே வந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பருத்த பெண்ணொருவர், "தள்ளாதையுங்கோ, தள்ளினால் மட்டும் கெதியாப் போகுமே" என்று பின்னால் நின்றவரை ஏசினார்.

பின்னால் தள்ளுகிறவர்களில் பிழை இல்லை. எழுபத்தெட்டு என்று கேஜ் காட்டியதும் பொய் இல்லை. பம்ப் பலவீனமாக இருந்திருந்தால் அங்கேயும் அழுத்தம் விழுந்திருக்கும். அங்கே விழவில்லை, இங்கேதான் இல்லை. இடையில் இருந்தது என் நான்கு அங்குலம். உண்மையைச் சொன்னால், 'எழுவத்தெட்டு' என்று அவர் கத்தியபோதே என் அடிவயிற்றுக்கு இது தெரியும். பஸ்ஸில் திரும்ப ஏறும்போதுதான் மண்டைக்குத் தெரிந்தது. குழாய் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று நான் தண்ணீரைக் கேட்டிருக்க வேண்டும். சாவடியைக் கேட்டிருந்தேன்.

அறைக்குப் போய்க் கணக்குப் போட்டேன். நீளம், வளைவுகள், கறள். ஆறு அங்குலத்தில் அதே தண்ணீர் போனால் இழப்பு ஏழில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வரும். கணக்கு முடிந்ததும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. எனக்குக் கணக்குத் தெரிந்தால் போதும், அதற்குப் பிறகு பயம் வராது. கடிதம் எனக்கும்தான் வேண்டும், அது உண்மை. ஆனால் என்னைப் போல மரை வெட்டுகிறவன் இன்னொரு கம்பனிக்கும் தேவைப்படுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேஜைப் பொய்யாக வாசித்தவர் என்ற பெயரோடு வெளியே போகிற பம்ப்காரரை யார் எடுப்பார்?

அடுத்த நாள் விடிந்ததும் முதல் வேலையாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவருடைய அறை கோவிலுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில். மனைவி வாசலில் இருந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் ஒரு பை பாதி நிரம்பிக் கிடந்தது.

"வாங்கண்ணே" என்றார் மனைவி. "நீங்களாச்சும் கேளுங்க. ராப்பூரா தூக்கத்துல எழுவத்தெட்டு, எழுவத்தெட்டுன்னே பொலம்புறாரு. நான் யாரோ கெழவின்னு நெனச்சேன்."

பம்ப்காரர் சிரிக்கவில்லை. ஒரு வாங்கைத் தள்ளி என்னை இருக்கச் சொன்னார்.

"எழுபத்தெட்டுச் சரி" என்றேன். "பம்பும் சரி. பைப் பிழை. பைப் போட்டது நான்."

அவர் கட்டிலில் கிடந்த பையை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"மூச்சு முட்டும்னு சொன்னேன்ல."

"ஓம். நீர் ஏன் நேற்று அதைச் சேருக்குச் சொல்லேல்லை?"

"நான் சொன்னா, தன் குத்தத்தை மறைக்க இன்னொருத்தன் மேல போடுறான்னு ஆயிரும். பைப்பு போட்ட நீங்க சொன்னாத்தாண்ணே அது கணக்கு."

"சொல்லத்தான் போறன். பையை அவிழ்த்து வையும்."

"அவுக்க மாட்டேன்" என்றார் மனைவி, அவருக்குப் பதிலாக. "மொதல்ல சொல்லிட்டு வாங்க. அப்புறம் அவுக்கிறேன்."

நான் அந்தப் பதிலை என் சேமிப்பில் போட்டுக்கொண்டேன். மனைவி ஊற்றித் தந்த, பால் விடாத பிளேன்ரீயையும் குடித்தேன்.

வேலைத்தலத்தில் எஞ்சினியர் மேசையில் வரைபடத்தை விரித்தேன்.

"சேர், பம்ப் பிழையில்லை. பைப் சின்னன். ஆறிஞ்சி போட்டிருக்க வேணும். செக்பொயின்றுக்குப் பயந்து நான் நாலிஞ்சி போட்டனான்."

அவர் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். அதன் கீழே தன் கையெழுத்தையும் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தபோது கொஞ்சம் கூடுதலான நேரம் எடுத்தது.

"நீர் உம்மட சிநேகிதனைக் காப்பாத்தக் கதைக்கிறீர்."

"அப்ப அளந்து பாப்பம், சேர். வாய்ப்பக்கத்திலயும் ஒரு கேஜ் பூட்டுறன். அங்கை எவ்வளவு, இங்கை எவ்வளவு. நடுவில எவ்வளவு காணாமல் போகுதோ, அதைப் பைப்தான் திண்டிருக்கு."

"அங்கை ஆர் வாசிக்கிறது? அவரோ? நான் நம்பமாட்டன்."

நான் சுற்றிப் பார்த்தேன். சென்றியில் கடமை முடிந்த ஆமிக்காரர் ஒருவர், இருபத்திரண்டு வயது இருக்கும், எங்கள் கன்ரீனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மாலு பணிஸ் கொடுத்த நாளிலிருந்து என்னை அய்யே, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். நான் அவரிடம் போய்ச் சிங்களத்தில், மல்லி, தம்பி, பம்ப் அறைக் கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் தேநீரை வைத்துவிட்டு எழும்பினார்.

எஞ்சின் ஓடியது. வாய்களை முழுதாகத் திறந்தோம். எஞ்சினியர் குனிந்து, வாய்ப்பக்கத்தில் நான் புதிதாகப் பூட்டிய கேஜைத் தன் கண்ணாலேயே வாசித்தார்.

"முப்பத்தொண்டு."

நான் கையை உயர்த்தினேன். பம்ப் அறை வாசலிலிருந்து ஆமிக்காரர், அணிவகுப்பில் இலக்கம் சொல்வதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கத்தினார்:

"ஹெத்தே அட்டய்."

எழுபத்தெட்டு. எஞ்சினியருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும், "இன்னொருக்காச் சொல்லச் சொல்லும்" என்றார். இன்னொரு தரமும் அதே இலக்கம்தான் வந்தது.

"நாப்பத்தேழு இறாத்தல் எங்கை போனது, ஐசே?"

"மண்ணுக்குக் கீழ, சேர். நூற்றெண்பது அடியில."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வச்சிருக்க வேணும்" என்று கண்ணாடியிடம் சொன்னார். பிறகு என்னிடம்: "வியாழக்கிழமைக்குள்ள ஆறிஞ்சி வந்து பூட்டி முடியுமோ?"

"பைப்புக்குக் கடிதம் அடிச்சுத் தந்தால் நாளைக்கே கொண்டு வாறன்."

"பம்ப்காரரின்ரை கடிதம்?" நான் கேட்கவில்லை, அவராகவேதான் சொன்னார். "அதை வியாழக்கிழமை பாப்பம். முதல் தண்ணி வரட்டும்."

குழாய்க்கான கடிதத்தை நான் சொல்லச் சொல்ல, கிராண்ட்பாஸிலிருந்து வரும் எங்கள் முஸ்லிம் கிளார்க், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அடித்தார். எத்தனை துண்டு, எவ்வளவு நீளம், என்ன விட்டம், எந்தக் களஞ்சியம், எந்தச் சுவர். இரண்டு பக்கமும் திறந்திருக்கும் என்றும் எழுதச் சொன்னேன்.

"இரண்டு பக்கமும் தொறந்ததுதானே வாப்பா குழாய்" என்றார் அவர். ஆனாலும் அடித்தார்.

அடுத்த நாள் லொறியில் நான் ஏறும்போது, பம்ப்காரரும் மற்றப் பக்கத்தால் ஏறிக் குழாய்களின் மேல் உட்கார்ந்தார்.

"நீர் ஏன்? பெண்டாட்டி பிள்ளை இருக்கெண்டனீர்."

"இருக்குங்க. அதுக்குத்தான் வர்றேன்."

முதல் சாவடியில் கடிதத்தைப் படித்துவிட்டு விட்டுவிட்டார்கள். இரண்டாவதில் கடிதத்தைப் படித்தவர் ஒரு கோப்ரல். "மொக்கத மே?" என்றார், இது என்ன என்று. வத்துர, தண்ணீருக்கு என்றேன். அவர் துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு, லொறியின் பின்னால் வந்து, ஒரு குழாய்க்குள் குனிந்து பார்த்தார். அதே நேரம் முன்பக்கத்தில், எதற்காக அப்படிச் செய்தாரோ தெரியாது, பம்ப்காரரும் அதே குழாய்க்குள் குனிந்து பார்த்தார். இருபது அடி இருட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கண், இந்தப் பக்கம் ஒரு கண்.

பிறகு குழாய்க்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் பெரிதாகிக்கொண்டு வந்தது. கோப்ரலின் சிரிப்பு.

நிமிர்ந்ததும் சிரிப்பை வைத்துவிட்டு, ஆட்களின் தாள்களைக் கேட்டார். பம்ப்காரர் பிளாஸ்டிக் உறையை நீட்டினார். கோப்ரல் திகதியை விரலால் தொட்டார். வெள்ளிக்கிழமையோடு முடிகிறதே, அதற்குப் பிறகு என்று கேட்டார்.

பம்ப்காரர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், கொச்சையாக, ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: இந்தக் குழாயில் தண்ணீர் வந்தால் புதுக் கடிதம் வரும்.

கோப்ரல் உறையைத் திருப்பிக் கொடுத்தார். "எஹெனங் வத்துர எய்" என்றார். அப்படியென்றால் தண்ணீர் வரும். கையால் லொறியின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். முழுவதுக்கும் கால் மணித்தியாலம்தான் போயிருக்கும். நான்கு மணித்தியாலம் என்று ஒருமுறை எழுதி வைத்த என் மனது, கால் மணித்தியாலமும் இருக்கலாம் என்று எழுதிப் பார்க்கவே இல்லை.

மண்ணைத் தோண்டினோம். நான்கு அங்குலத்தை எடுத்தோம். ஆறு அங்குலத்தை இறக்கினோம். பத்து முழங்கையில் இரண்டைப் பாதையை நேராக்கிக் குறைத்தேன். அது எந்தப் புத்தகமும் சொல்லாமல் நானே செய்தது. பம்ப்காரர் தனக்கு வேலை இல்லாத இடத்திலும் எங்களோடு, தோண்டிய கானுக்குள் நின்றார். ஒவ்வொரு இணைப்பையும் நான் இறுக்க, அவர் பின்னால் வந்து கையால் தடவிப் பார்த்தார்.

"என்ன, நம்பிக்கை இல்லையோ?"

"போன தடவை நம்பினேன்லண்ணே" என்றார்.

வியாழக்கிழமை பரிசோதகர் அதே வெள்ளைச் சட்டையோடு வந்தார். சென்றிக்கு இந்த முறை நான் சொல்லப் போனபோது, அந்த இளம் ஆமிக்காரர் கடமையில் நின்றபடி, எத்தனை காட்ட வேண்டும் என்று கேட்டார். அறுபத்தைந்துக்கு மேல் என்றேன்.

எஞ்சின் வெடித்துத் தொடங்கியது. தலைகள் கீழே போகவில்லை. நான் வாய்களைத் திறந்தேன். முதல் வாயைத் திறந்தபோதே ஹோஸ் கைக்குள் துள்ளியது. இரண்டாவதைத் திறந்ததும் தண்ணீர் தடித்த ஒரே கம்பியாகப் போய், நாங்கள் நினைத்த இடத்தைத் தாண்டி, மதிலில் பட்டுச் சிதறி, பரிசோதகரின் சப்பாத்தை நிரப்பியது. அவர் கருவியை நீட்டினார், சப்பாத்தைப் பார்த்தார், கருவியை வாசித்தார். எழுநூற்றைம்பதுக்கும் மேலே போகிறது, கொஞ்சம் மூடுங்கள் என்றார். அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். எழுநூற்றைம்பதில் நிறுத்தினேன்.

"அங்கை எவ்வளவு?" என்று எஞ்சினியர் கத்தினார். இந்த முறை என்னைக் கேட்கச் சொல்லவில்லை. பம்ப் அறையைப் பார்த்துத் தானே கேட்டார்.

"எழுவது" என்றது பம்ப்காரரின் குரல்.

எஞ்சினியர் அந்த எண்ணை அப்படியே தாளில் எழுதினார். பார்த்து வரச் சொல்லி ஒருவரையும் அனுப்பவில்லை. பரிசோதகர் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு மூலையில் இருந்து சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றினார்.

வரைபடத்தில் சிவப்பு நான்கை வெட்டி ஆறு என்று எழுதினேன். பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன்: பதினைந்து அடிக்கு மேல். எஞ்சினியர் இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்த பிறகுதான் கையெழுத்து வைத்தார். என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அடுத்த வேலையில என்னட்ட முதல் கேளும், ஐசே" என்றதோடு சரி. ஐசே ஒரே ஒரு தரம்தான் வந்தது.

பின்னேரம் நான்கு மணிக்குக் கிளார்க் நானா பம்ப்காரரின் கடிதத்தை அடித்து முடித்தார். எஞ்சினியர் கீழே ஒரு வரியைத் தன் கையால் சேர்த்திருந்தார். இவர் இல்லாமல் இந்த நிறுவனத்தின் பம்புகளைப் பரிசோதிக்க முடியாது என்று. பொலிசுக்கு அந்த வரி தேவையே இல்லை. பம்ப்காரர் அதை இரண்டு தரம் என்னை வாசிக்கச் சொன்னார். பிறகு பழைய கடிதத்தை உறையிலிருந்து எடுத்து, புதியதை வைத்து, பழையதையும் அதற்குப் பின்னால் வைத்தார்.

"பழசு எதுக்கு?"

"இருக்கட்டும்ணே. ஒரு நாள் முன்னாடியே வாங்கிட்டோம்ல. அந்த ஒரு நாளும் நம்ம நாளுதான்."

பொலிஸ் நிலையத்தில் பதிவு மேசை மூடுவதற்குள் போக வேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். பதிவு முடிந்து கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் நாங்கள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மனைவி வாசலில் நின்றார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கணவரின் சட்டைப் பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த உறையைத்தான் பார்த்தார். உள்ளே போய், கட்டிலில் கிடந்த பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை மேலேயே இருந்தது. அதை எடுத்து உதறி, நாளைக்கென்று ஆணியில் மாட்டினார்.

"இன்னிக்கு எத்தனை?" என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"எழுவது" என்றார் பம்ப்காரர்.

"எட்டு கொறைஞ்சிருச்சே."

"கொறையணும்மா. தண்ணி நெறைய போனா அப்படித்தான் கொறையும்."

மனைவி என்னைப் பார்த்தார், உண்மையா என்று. உண்மை என்று தலையாட்டினேன். பிளேன்ரீக்குத் தண்ணீர் வைக்க அவர் அடுப்படிக்குப் போனார்.